டாக்டர் எழுதிக்கொடுத்த மவுத்வாஷ்... இன்னும் வாஷ்பேசின் மேல் இருக்கிறதா?

வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கியிருப்பார்கள், அல்லது ஈறு சிகிச்சை நடந்திருக்கும். மாத்திரையோடு ஒரு மவுத்வாஷும் எழுதி, இத்தனை நாள் கொப்பளியுங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார் டாக்டர். வலி போய்விடும், தையலும் பிரித்தாகிவிடும். பாட்டில் மட்டும் வாஷ்பேசின் மேலேயே தங்கிவிடும். 'காசு கொடுத்து வாங்கினது, வீணாக்குவானேன்' என்று தினமும் கொப்பளிப்போம். தீர்ந்துபோனால் மெடிக்கலில் காலி பாட்டிலைக் காட்டி இன்னொன்று வாங்குவோம். சில மாதம் கழித்து, 'ரெண்டு வேளை தேய்க்கிறேன், பல் ஏன் பழுப்பாகுது?' என்ற சந்தேகம் வரும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 'குளோர்ஹெக்சிடின் 0.2%' என்று இருந்தால், பதில் பெரும்பாலும் அதுதான்.

குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரி. பல்லிலும் வாயின் உட்சதையிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும் என்கிறார்கள். ஆனால், அதைப் பயன்படுத்தும் நாள்களில் டீ, காபியின் கறையும் பல்லில் சுலபமாக ஏறிக்கொள்ளும். காரையும் கூடும். சிலருக்கு நாக்கில் ருசி மாறும், குறிப்பாக உப்பு சரியாகத் தெரியாது. சாம்பாரில் உப்பே இல்லை என்று சமைத்தவரைக் குறை சொல்வதற்கு முன் பாட்டிலைச் சந்தேகப்படலாம்! கறை மேலாக ஏறியதுதான்; பல் டாக்டரிடம் சுத்தம் செய்தால் போய்விடும், ருசியும் திரும்பிவிடும். இது மருந்து. டாக்டர் சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டூத்பேஸ்ட்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் பொருள் குளோர்ஹெக்சிடினின் வேகத்தைக் குறைத்துவிடும். பல் தேய்த்த வாயோடு உடனே கொப்பளித்தால் மருந்தில் பாதி வீண். அரை மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது.

சூப்பர் மார்க்கெட்டில் பச்சையும் நீலமுமாக அடுக்கியிருக்கும் பாட்டில்கள் வேறு ரகம். சிலவற்றில் ஃப்ளோரைடு இருக்கும், சிலவற்றில் மிதமான கிருமிநாசினி இருக்கும், சிலவற்றில் வாசனையைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. இவற்றிலும் நேரம் முக்கியம். பேஸ்ட்டில் பொதுவாக 1,000 பிபிஎம் அளவில் ஃப்ளோரைடு இருக்கிறது. தினசரி உபயோகத்துக்கான ஃப்ளோரைடு மவுத்வாஷில் சுமார் 225 பிபிஎம்தான். பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால், பல்லில் தங்கியிருக்க வேண்டிய கூடுதல் ஃப்ளோரைடைக் கழுவிவிட்டுக் குறைவானதைப் பூசிக்கொள்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளிக்கலாம். அதன் பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிட, குடிக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குவது உத்தமம்.

சரி, தினமும் தேவையா? இரண்டு வேளை ஒழுங்காகத் தேய்த்து, பல் இடுக்கையும் சுத்தம் செய்கிறவருக்கு அவசியமே இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படிந்த பாசி வெறும் தண்ணீரை ஊற்றினால் போகுமா? பல்லில் படியும் அழுக்குப் படலமும் அப்படித்தான், பிரஷ் வைத்துத் தேய்த்தால்தான் போகும். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள், அடிக்கடி சொத்தை விழுகிறவர்கள், வாய் வறட்சி உள்ளவர்களுக்கு மவுத்வாஷ் உதவும். வாய் வறட்சி உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக வேண்டாம், துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள்.

பல் பிடுங்கிய முதல் 24 மணி நேரம் எதை வைத்தும் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. குழியில் உறைந்திருக்கும் ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி உயிரை எடுக்கும். மறுநாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

வாய் நாற்றத்தை ஒரு பயமாக மாற்றியதில் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லிஸ்டரின் 1879-ல் அமெரிக்காவில் உருவானபோது அது அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில்தான், வாய் நாற்றத்தால் கல்யாணமே தள்ளிப்போகிறது என்கிற ரீதியில் விளம்பரம் செய்து வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள்.

நாற்றத்தை மணத்தால் மூடுவதில்தான் ஆபத்து. நாக்கின் பின்பகுதியில் படியும் மாவு, ஈறு நோய், சொத்தை, டான்சில், சைனஸ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிரஷ்ஷில் ரத்தம் தெரிந்தாலே ஈறு உதவி கேட்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு கெடும் வாய்ப்பு அதிகம். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும். அதனால் ஷுகர் டெஸ்ட்டுக்குப் போகிற மாதிரி, பல் டாக்டரிடமும் ஒரு நடை போய் வர வேண்டும்.

புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ வாயில் இருந்தால், அதற்கு மவுத்வாஷ் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.