உங்களுக்குத் தெரியுமா? செல்போன் நிறம் மாறினால் ஏன் இத்தனை கோபம்!

திருத்தணி தாலுகா ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. எல்லைக்கோடு மாறியதே தவிர, இந்தப் பக்கம் தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்தேதான் புழங்குகின்றன. திருத்தணியில் ஆந்திர பஸ் எது, நம்ம ஊர் பஸ் எது என்று போர்டைப் படிக்காமலே வண்டியின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். பக்கத்துத் திருவாலங்காட்டிலிருந்து வருகிற பெரியவர் செல்போனையும் அப்படித்தான் பார்க்கிறார். வாட்ஸ்அப்பின் பச்சையைத் தொட்டால் பேரன் முகம் வரும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அந்தப் பச்சையில் யாராவது கை வைத்தால்?

★ 2024-ல் கை வைத்தார்கள். அதுவரை ஐபோன் வாட்ஸ்அப்பில் லிங்க்குகளும் பட்டன்களும் நீலமாக இருந்தன. ஒருநாள் எல்லாம் பச்சையாகிவிட்டன. இந்தியாவில் பலர் ‘கண்ணை உறுத்துகிறது, பழைய நீலத்தையே கொடுங்கள்’ என்று கேட்டார்கள். நிறுவனமோ 35-க்கும் மேற்பட்ட வண்ணங்களைப் பார்த்த பிறகே இந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னது. ஆண்ட்ராய்டு போனில் நடந்தது இதற்கு நேர்மாறு: மேலே இருந்த அடர்பச்சைப் பட்டை போய் வெள்ளை வந்தது, அழைப்புக்கும் ஸ்டேட்டஸுக்குமான பட்டன்கள் கீழே இறங்கின. நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான். “இது நம்ம வாட்ஸ்அப்தானா, வேற ஏதாவது ஏறிடுச்சா?” என்று ஒருவர் சந்தேகப்பட்டால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். அது நியாயமான சந்தேகம். காரணம் அடுத்த துணுக்கில்.

★ 2021 ஏப்ரலில் ஒரு செய்தி இந்தியா முழுக்கச் சுற்றியது. ‘உங்கள் வாட்ஸ்அப்பைப் பிங்க் நிறத்துக்கு மாற்றலாம், இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்றது அது. தொட்டவர்களின் போனில் ஏறியது வைரஸ். அவர்கள் சேர்ந்திருந்த குரூப்புகளுக்கெல்லாம் அதே லிங்க் தானாகவே போனது. 2023 ஜூனில் அதே ‘பிங்க் வாட்ஸ்அப்’ மறுபடி தலைகாட்டியபோது மும்பை போலீஸ் எச்சரிக்கை வெளியிட்டது. புது நிறத்தின் மீது நமக்குள்ள ஆசையைத்தான் திருடர்கள் தூண்டிலாக்கினார்கள். லிங்க் வழியாக எந்த நிறத்தையும் ஏற்ற வேண்டாம். நிறம் மாறுவதென்றால் பிளே ஸ்டோர் அப்டேட்டில் வரட்டும். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

★ ஜனங்கள் ஜெயித்த நிறச்சண்டையும் உண்டு. வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். ‘படித்துவிட்டுப் பதில் போடவில்லையா?’ என்று வீட்டுக்கு வீடு விசாரணை தொடங்கியது. எதிர்ப்பு பலமாக இருக்கவே, நீல டிக்கை நிறுத்திவைக்கும் வசதியையும் கொண்டுவந்தார்கள்.

★ 2013 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்தபோது தோல், மரம், காகிதம் போன்ற பழைய தோற்றமெல்லாம் போய்ப் பளிச்சென்ற நிறங்களும் மெல்லிய எழுத்தும் வந்தன. ‘எழுத்தே தெரியவில்லை’ என்ற புகார் ஓயவில்லை. 2014 மார்ச்சில் வந்த 7.1-ல் பச்சை ஐகான்களின் பளபளப்பைக் குறைத்து, நிறங்களை அடர்த்தியாக்கும் வசதியையும் சேர்த்தார்கள். இதே கதை 2025-லும் நடந்தது. கண்ணாடி போலத் தெரியும் புதுத் தோற்றத்தைச் செப்டம்பரில் கொடுத்தார்கள். பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதும் குழம்புவதாகப் பலர் சொல்ல, நவம்பரில் அந்தக் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றும் தேர்வு வந்தது.

★ 2023-ன் கடைசியில் கூகுள் மேப்பின் நிறம் மாறியது நினைவிருக்கிறதா? மஞ்சளும் வெள்ளையுமாக இருந்த சாலைகள் சாம்பலாகின. நீர்நிலையின் நீலத்தில் பச்சை ஏறியது. பூங்காக்களின் பச்சையோ புதினா நிறத்துக்குப் போனது. 2007 வாக்கில் அந்த மேப்பை வடிவமைத்தவர்களில் ஒருவரான எலிசபெத் லராக்கியே, புது மேப்பில் குளிர்ச்சி தட்டுகிறது, துல்லியமும் மனிதத்தன்மையும் குறைந்துவிட்டன என்று வெளிப்படையாக எழுதினார். அவர் பக்கம்தான் நானும். சென்னையிலிருந்து திருவாலங்காடு வடாரண்யேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் திரும்பியாக வேண்டும். உச்சி வெயிலில், பைக்கின் ஹேண்டிலில் மாட்டிய போனில், சாம்பல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சாம்பல் கோடு. எது பெரிய சாலை, எது ஏரிக்கரை வழி? மஞ்சள் அதை ஒரு பார்வையில் சொல்லிக்கொண்டிருந்தது.

★ பழைய ஆண்ட்ராய்டில் மேல்பட்டையிலிருந்த சிக்னல் ஐகான் நீலமாக இருந்தால் கூகுளோடு இணைப்பு இருக்கிறது, சாம்பலாக இருந்தால் இல்லை என்று பொருள். 2013-ல் வந்த 4.4 பதிப்பில் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. பார்க்க அழகுதான், ஆனால் அந்த நிறம் சொன்ன சேதி மேல்பட்டையிலிருந்து போய்விட்டது.

★ ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் என எல்லா ஐகான்களுக்கும் 2020 அக்டோபரில் கூகுள் அதே நான்கு நிறங்களைப் பூசியது. எது எதுவென்று தெரியாமல் பலர் திண்டாடினார்கள்.

★ பேஸ்புக் ஏன் நீலம்? மார்க் ஸக்கர்பெர்க்குக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது; நன்றாகத் தெரிவது நீலம்.

★ இந்தக் குறைபாட்டை உலகம் கவனிக்கத் தொடங்கியது ரயிலால். 1875-ல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதின. நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்த ஹோல்ம்கிரென் என்ற உடலியல் அறிஞர், ரயில் ஊழியர்களிடம் வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிச் சோதித்தார். இன்று திருவாலங்காடு ஸ்டேஷனைக் கடக்கும் ஒவ்வொரு மின்சார ரயிலின் ஓட்டுநரும் இஷிஹாரா அட்டைகள் போன்ற நிறப்பார்வைச் சோதனையில் தேறியவர்தான். பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கையும் தூரத்திலிருந்தே பிரித்தறிய வேண்டுமே! ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு–பச்சைக் குழப்பம் உண்டு. நம் நாட்டில் விகிதம் அதைவிடக் குறைவு என்றாலும், இத்தனை கோடிப் பேரில் அது சிறு கூட்டமல்ல. ரயிலில் ஊழியரைச் சோதித்துத்தான் வேலை கொடுக்கிறார்கள். செல்போன் எல்லார் கைக்கும் போகிறது, யாரையும் சோதிப்பதில்லை. அதனால் நிறத்தோடு ஒரு வடிவமோ சொல்லோ கூடவே இருந்தாக வேண்டும்.

★ நிறம் போனுக்கு வெளியேயும் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கைகொடுக்கிறது. பெண்கள் கட்டணமின்றி ஏறக்கூடிய பஸ் எதுவென்று சட்டெனத் தெரிய, 2022 ஆகஸ்டில் சென்னையில் சாதாரண பஸ்களின் முன்னும் பின்னும் பிங்க் நிறம் பூசினார்கள்.

★ 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12, வால்பேப்பரில் இருக்கும் படத்திலிருந்து நிறத்தை எடுத்துப் போன் முழுக்கப் பரப்பும். உதாரணத்துக்குக் கோயில் படங்களையே எடுத்துக்கொள்வோம். நடராசரின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தின சபை. குற்றாலம் ஓவியங்கள் நிறைந்த சித்திர சபை. ரத்தின சபையின் படத்தை வைத்தால் ஒரு நிறம், சித்திர சபையின் சுவரோவியத்தை வைத்தால் வேறு நிறம். சிலருக்கு இது கொண்டாட்டம். படத்தை மாற்றினால் பட்டன் நிறமும் மாறுவது பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

★ டார்க் மோட் போட்டால் பேட்டரி மிச்சமாகுமா? ஓஎல்இடி திரையாக இருந்தால் ஆகும், அதுவும் வெளிச்சத்தைப் பொறுத்து. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, வெளிச்சம் முழுதாக இருக்கும்போது சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் 30–50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில் பெரிய வித்தியாசம் இருக்காது, கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

★ வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கும். நீல ஒளி உள்ளே போவது குறையும், நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வயதானவர்களுக்கு இல்லாத எழுத்துதான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வலைத்தளங்களுக்கான உலக அளவுகோல். உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் ‘அக்சஸிபிலிட்டி’யைத் திறங்கள். எழுத்தை அழுத்தமாக்கும் ‘ஹை கான்ட்ராஸ்ட்’ பல போன்களில் அங்கேயே இருக்கும், நிறக்குழப்பத்துக்கான ‘கலர் கரெக்‌ஷன்’ பக்கத்திலேயே. ஐபோனில் அதே பெயரிலுள்ள பகுதியில் ‘டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்’ என்பதற்குள் ‘கலர் ஃபில்டர்ஸ்’. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, எது தெளிவாகத் தெரிகிறது என்று அவரையே கேட்டு வையுங்கள். அடுத்த பெரிய அப்டேட் வந்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.