குறைந்த விலை ஹாம் ரேடியோ... வாங்கினவங்க என்ன சொல்றாங்க? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கா? கரன்ட் போச்சு. கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போச்சு. பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா, அப்பா என்ன ஆனாங்கன்னு தெரியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கு 11 வருடங்கள் முன்னால், 2004 சுனாமி அந்தமானைத் தாக்கியபோதும் இதே நிலைமைதான். அப்போது ஹாம் ரேடியோ பயணமாக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்ணும் அவருடைய குழுவினரும், தங்கள் ரேடியோ மூலமாகத்தான் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே செய்தி பரிமாறினார்கள்.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டதும் பலருக்கும் வரும் ஆசை, 'நாமும் ஒரு ரேடியோ வாங்கி வச்சுக்கலாமே!' என்பதுதான். தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சீனத் தயாரிப்பான பாவோஃபெங் யுவி-5ஆர். 2012-ல் சந்தைக்கு வந்த இந்தக் கைக்கருவி, அமெரிக்காவில் சுமார் 25 டாலருக்குக் கிடைக்கிறது. பெரிய கம்பெனி செட்களோடு ஒப்பிட்டால் இது அதில் சிறு பங்குதான். உலகம் முழுக்கப் புதிதாக ஹாம் ஆகிறவர்களில் பலருக்கு முதல் செட் இதுதான்.

ஆனால், இந்த செட்டை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். 'இந்த விலைக்கு இதைவிட என்ன வேணும்?' என்று ஒரு கூட்டம். 'இதை வாங்குறதுக்குச் சும்மா இருக்கலாம்' என்று இன்னொரு கூட்டம். யார் சொல்றது சரி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாராட்டுறவங்க என்ன சொல்றாங்க?

முதல் காரணம் விலைதான். கீழே விழுந்தாலும் மனசு பதறாது. மலையேற்றத்துக்கு எடுத்துப் போகலாம், பைக் பெட்டியில் போட்டு வைக்கலாம். இதையே விலை உயர்ந்த செட் என்றால் அலமாரியை விட்டு வெளியே எடுக்கவே யோசிப்போம்.

இரண்டாவது, வசதிகள். வி.ஹெச்.எஃப்., யு.ஹெச்.எஃப். என இரண்டு பேண்டுகளிலும் வேலை செய்யும். 128 சேனல்களை நினைவில் வைத்துக்கொள்ளும். சுமார் 4 வாட் சக்தி உண்டு. 1,800 எம்.ஏ.ஹெச். பேட்டரி, பெரும்பாலும் கேட்டுக்கொண்டும் அவ்வப்போது பேசிக்கொண்டும் இருந்தால் ஒரு நாளை ஓட்டிவிடும். போதாததற்கு எஃப்.எம். ரேடியோ, டார்ச் லைட் வேறு!

மூன்றாவதுதான் முக்கியம். நிறைய பேர் வைத்திருப்பதால், என்ன சந்தேகம் வந்தாலும் சொல்லித்தர யாராவது இருப்பாங்க. உபரி பேட்டரி, மைக், ஆன்டெனா என எல்லாமே மலிவாகக் கிடைக்கும். ஒரு புதியவருக்கு இது பெரிய பலம்.

குறை சொல்றவங்க என்ன சொல்றாங்க?

*'மெனு தலையைச் சுத்துது!'*

அநேகமாக எல்லோரும் சொல்லும் முதல் புகார் இது. ஹாம்கள் தூரத்தில் இருப்பவர்களோடு பேச, உயரமான இடத்தில் வைத்திருக்கும் 'ரிப்பீட்டர்' என்ற மறு ஒலிபரப்புக் கருவியைப் பயன்படுத்துவார்கள். அது ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் திருப்பி அனுப்பும். அதைத் திறக்க, காதுக்குக் கேட்காத ஒரு சன்னமான டோனையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இத்தனையையும் யுவி-5ஆரின் சின்ன கீபேடில், எண்கள் கொண்ட மெனுக்களில் புகுந்து புகுந்து பதிய வேண்டும். அதிலும் கேட்கும் அலைவரிசையை ஒரு முறை, பேசும் அலைவரிசையை ஒரு முறை என ஒரே சேனலை இரண்டு தடவை சேமிக்கணும். ஒரு ஸ்டெப் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து!

தீர்வு இருக்கு. 'சர்ப்' என்ற இலவச மென்பொருளும் ஒரு புரோகிராமிங் கேபிளும் இருந்தால், கம்ப்யூட்டரில் அட்டவணை நிரப்புவதுபோலச் சேனல்களை நிரப்பி, செட்டில் ஏற்றிவிடலாம். கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ரொம்ப மலிவான கேபிள்களில் போலி சிப் இருந்தால் கம்ப்யூட்டர் அதை அடையாளம் காணாது. செட் மேல் பழி போடும் பலருக்கும் உண்மையில் தகராறு செய்வது கேபிள்தான்.

*'சிட்டிக்குள் வந்தா ஊமையாயிடுது!'*

ஊருக்கு வெளியே நன்றாகக் கேட்கும் செட், உயரமான டவர்கள் நிறைந்த நகரத்துக்குள் வந்ததும் தடுமாறும். காரணம் அதன் உள்ளமைப்பு. விலை உயர்ந்த செட்களில், வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டிகள் பல அடுக்குகளாக இருக்கும். யுவி-5ஆரில் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் ஒரே சிப் பார்க்கிறது. விலை குறைந்ததன் ரகசியமும் அதுதான், பலவீனமும் அதுதான். பக்கத்தில் ஒரு பலமான டிரான்ஸ்மிட்டர் இருந்தால், கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

*'பக்கத்து அலைவரிசையிலும் கேட்குது!'*

இதுதான் இருப்பதிலேயே சீரியஸான குற்றச்சாட்டு. நீங்கள் 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால், எந்த டிரான்ஸ்மிட்டரும் அதன் மடங்குகளான 290, 435 மெகாஹெர்ட்ஸிலும் கொஞ்சம் கசியவிடும். அந்தக் கசிவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்த அளவு சக்தியுள்ள வி.ஹெச்.எஃப். செட்களில், கசிவு உண்மையான சிக்னலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. அந்நாட்டு ஹாம்களின் அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். தன் ஆய்வகத்தில் குறைந்த விலை கைக்கருவிகளைச் சோதித்தபோது, யுவி-5ஆர் செட்களில் பல இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. சில தேறின.

அதாவது, ஒரே பெயர், ஒரே மாதிரி பெட்டி. ஆனால், உங்கள் கைக்கு வருவது எப்படிப்பட்டது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கூட்டம் புகழ்வதும் இன்னொரு கூட்டம் திட்டுவதும் இதனால்தான். இரண்டு பேருமே பொய் சொல்லலை. பக்கத்தில் ஹாம் கிளப் இருந்தால், அளவிடும் கருவி வைத்திருக்கும் சீனியர் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு தூரம் பேசலாம்?

விற்பனை விளம்பரங்களில் பெரிய பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால் கதை முடிந்தது.

தரையில் நின்றபடி, செட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசும் இரண்டு பேருக்கு இடையே, ஒரு தடையும் இல்லாத பொட்டல் வெளியில்கூட அதிகபட்சம் 10 கிலோமீட்டர்தான் கணக்கு. கட்டடங்கள் நிறைந்த தெருக்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிசு. அதே செட்டோடு ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் உயர மலை விளிம்பில் ஏறி நின்றால், பார்வைக்குத் தடையில்லாத திசையில் அடிவானம் 150 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். உயரம்தான் எல்லாமே!

'அப்போ 8 வாட் மாடல் வாங்கினால்?' என்று கேட்பீர்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் எதிர்முனையில் சிக்னல் மீட்டர் அரைப் புள்ளிதான் நகரும். பேட்டரிதான் சீக்கிரம் தீரும். அந்தக் காசை ஆன்டெனாவில் போடுங்கள் என்பதுதான் அனுபவசாலிகள் ஒருமித்துச் சொல்வது. 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருத்தமான கால் அலை நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நீளமான நல்ல ஆன்டெனா மாற்றியதும் 'புது செட் வாங்கின மாதிரி இருக்கு' என்று பலர் சொல்வது இதனால்தான். ஆன்டெனாக்களிலும் போலி உண்டு, ஜாக்கிரதை.

இன்னொரு தப்பான நம்பிக்கை, இதை வைத்து உலகம் முழுக்கப் பேசலாம் என்பது. கண்டம் தாண்டிப் பேச, வானில் பட்டுத் திரும்பும் ஹெச்.எஃப். அலைகள் வேண்டும். அது இந்த செட்டில் கிடையாது. அந்த ஆசை உள்ளவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு மலிவான வழி இருக்கு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'யுபிட்எக்ஸ்' என்ற ஹெச்.எஃப். கருவி. சுமார் 10 வாட் சக்தி கொண்ட இதன் சர்க்யூட் படம் முழுக்க வெளிப்படையாகவே கிடைப்பதால், கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது பள்ளிக்கூடம் மாதிரி.

யுவி-5ஆருக்கும் ஒரு வானத்து வேலை உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரிப்பீட்டர் 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும்போது, அது நம் தலைக்கு மேல் கடக்கும் சுமார் 10 நிமிடங்களில் இந்தச் சின்ன செட்டிலேயே கேட்க முடியும். 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரலை உள்ளங்கையில் கேட்பது, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

லைசென்ஸ் இல்லாம வாங்கலாமா?

கூடாது. 'பேசத்தானே லைசென்ஸ், சும்மா வீட்டில் வச்சிருந்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் இப்படிப்பட்ட வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் தனி நடைமுறை இருக்கு. ஆன்லைன் தளங்களில் லைசென்ஸ் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் வாக்கி டாக்கிகள் விற்கப்பட்டதால், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல இ-காமர்ஸ் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'கார்ட்டில் போட முடிஞ்சதே' என்பது சட்டத்துக்கு முன் பதிலாகாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கு. இங்கே ஹாம்களுக்கு வி.ஹெச்.எஃப்.-ல் ஒதுக்கப்பட்டது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, யு.ஹெச்.எஃப்.-ல் 434 முதல் 438 வரை. ஆனால், யுவி-5ஆர் 136 முதல் 174 வரையிலும், 400-க்கு மேல் இன்னொரு பெரிய பரப்பிலும் பேச விடும். அதற்கு இடையில் பாதுகாப்பு, அவசர சேவைகள் என எத்தனையோ பேர் இருப்பார்கள். தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தினால், யாரோ உதவி கேட்கும் குரல் மேல் உங்கள் 'ஹலோ, ஹலோ' விழக்கூடும்.

லைசென்ஸ் வாங்குவது மலையைப் புரட்டுவது இல்லை. 12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் தேர்வு எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு இதை நடத்துகிறது. 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்' என இரண்டு கிரேடுகள். அடிப்படை மின்னணுவியல், வானொலி விதிமுறைகள் இரண்டும் படித்தால் போதும். ஜெனரல் கிரேடுக்கு மட்டும் கூடுதலாக மோர்ஸ் குறியீடு. பாஸ் செய்து அனுமதி வந்ததும், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அழைப்புக் குறி உங்களுக்குக் கிடைக்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் அப்படி ஒன்று இருந்தது!

லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், குடும்பத்தோடு டூர் போகும்போது இரண்டு காருக்கு நடுவில் பேசினால் போதும் என்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குத் தேவை ஹாம் செட்டே இல்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் லைசென்ஸ் விலக்கு பெற்ற வாக்கி டாக்கிகள் இருக்கு. இந்திய அரசின் இ.டி.ஏ. சான்று உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அப்போ, யார் வாங்கலாம்?

* லைசென்ஸ் கையில் இருக்கு, ஊரில் ரிப்பீட்டரும் பேச ஆட்களும் இருக்காங்க என்றால், முதல் செட்டாக இது போதும். ஒரு வருடம் பேசிப் பழகினால், அடுத்து என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

* டவர்கள் சூழ்ந்த நகரின் நடுவில் இருப்பவர்கள், ஒரே செட்டைப் பல வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், கொஞ்சம் காசு சேர்த்து நல்ல வடிகட்டிகள் உள்ள செட்டாக வாங்குவதே லாபம்.

* 'வெள்ளம் வந்தால் எடுத்துக்கலாம்' என்று வாங்கி பீரோவில் பூட்டி வைக்க நினைப்பவர்கள், தயவுசெய்து வாங்க வேண்டாம். அன்றைக்குப் பேட்டரியில் சார்ஜ் இருக்காது. எந்த அலைவரிசையில் யார் இருப்பார்கள் என்று தெரியாது. மெனுவும் மறந்திருக்கும்.

சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்தவர்களுக்குக் கைகொடுத்தது கருவி மட்டும் இல்லை. எப்போது கேட்க வேண்டும், எப்படிச் சுருக்கமாகச் செய்தி சொல்ல வேண்டும் என்று முன்பே பழகியிருந்த பழக்கமும்தான். 25 டாலர் செட்டோ, அதைவிடப் பல மடங்கு விலை செட்டோ, அந்தப் பழக்கம் பெட்டியோடு சேர்ந்து வருவதில்லை. அதனால் முதலில் பக்கத்து ஹாம் கிளப்பைத் தேடிப் போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். பிடித்திருந்தால் தேர்வுக்குப் படியுங்கள். செட் எங்கேயும் ஓடிப் போகாது, கடைசியில் வாங்கிக்கலாம்!