தண்ணீர் வடிந்தது, நடுக்கம் வடியவில்லை



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரவில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். நடக்க முடியாத என் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனோம்.

தண்ணீர் வடிந்து, வீட்டையும் கழுவியாயிற்று. ஆனால் அதன் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். தோள்பட்டை கல்லாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஈ.சி.ஜி. எடுத்ததில் கோளாறு இல்லை. "எல்லார் வீட்லயும்தானே தண்ணி வந்துச்சு, உனக்கு மட்டும் இன்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஓர் அரசு மருத்துவமனையில் இருந்த மனநல ஆலோசகர் அம்மாதான் புரிய வைத்தார். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு முறுக்கேறுமாம். சிலருக்கு ஆபத்து போன பிறகும் அந்த முறுக்கு இறங்காதாம். "பயம் உடம்புல எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்து, அறையைச் சுற்றி நிதானமாகப் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட, விடும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். இதயத் துடிப்பு தணியும். வெள்ளத்தைப் பற்றியும் ஒரேயடியாகப் பேச விடமாட்டார். கொஞ்சம் சொன்னதும் நிறுத்தி, உடம்பு அடங்கிய பிறகே மீதி. (மூச்சு விடக்கூடச் சொல்லித் தர வேண்டுமா என்று முதலில் சிரிப்புதான் வந்தது!) எனக்கு மூச்சைவிடப் பாதம்தான் கைகொடுத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு தென்னிந்தியக் கடலோர கிராமங்களில் 150 பேருக்கு, ஆளுக்கு 75 நிமிடம், இப்படி உடம்பின் வழியாகவே சிகிச்சை தந்தார்களாம். எட்டு மாதம் கழித்துக் கேட்டதில் பெரும்பாலோர் தேறியிருந்தார்களாம். "ஆனா சிகிச்சை எடுக்காதவங்களோட ஒப்பிட்டுப் பார்க்கலை, அதனால அதை முழு ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்றும் அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. டாக்டர் தந்த மாத்திரையும் சில வாரம் சாப்பிட்டேன், மறைப்பானேன்?

நேரில் போகத் தயங்கும் சகோதரிகள் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் நள்ளிரவு மழை. விழித்துக்கொண்டேன். காலைத் தரையில் வைத்தேன். தரை காய்ந்துதான் இருந்தது.

"இன்னாடி பண்றே?" என்றார் மாமியார். சொன்னேன்.

"அன்னிலேர்ந்து எனக்குந்தான் தூக்கமில்ல" என்றவர், என் கையைப் பிடித்தபடி அவரும் காலைக் கீழே வைத்தார்.

– ஒரு வாசகி, மணலி புதுநகர்