ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு?

வெறும் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுப் பாருங்கள். குரல் கேட்கும், தவில் அடி எடுபடாது. ஏன்? கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கம் காற்றழுத்தம் கூடுகிறது, அதே நேரம் பின்பக்கம் குறைகிறது. பேஸ் ஒலியில் இந்த இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இதைத் தடுக்கும் சுவர்தான் பெட்டி.

அளவு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். நான் 8 அங்குல ஸ்பீக்கருக்கு 18 மி.மீ. பிளைவுட்டில், உள்ளளவு 30×30×40 செ.மீ. வைத்தேன். அதாவது 36 லிட்டர். எங்க அப்பா தச்சர். பள்ளிக்கூடம் போனதில்லை. "சந்து விட்டா எல்லாம் வீண்டா" என்று மூலைக்கு மூலை உள்சட்டம் வைத்து, பசை தடவி, ஸ்குரூ முடுக்கக் கற்றுக்கொடுத்தார். மூடிய பெட்டிக்கு அதுதான் உயிர். உள்ளே பஞ்சு ஒட்டினால் எதிரொலி அடங்கும்.

அடுத்தது வயரிங். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலில் கொடுத்தால் 4 ஓம், சீரிஸில் 16 ஓம். 8 ஓமுக்குக் குறையக்கூடாத ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் மாட்டினால் கரண்ட் அதிகமாகி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். சேர்த்த காசும் போச்சு!

பிளஸ், மைனஸ் தெரியவில்லையா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ். இரண்டு பெட்டியில் ஒன்று மாறினாலும் பேஸ் குறைந்துவிடும்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஓம் விதி வகுப்பில் கிடைத்தது, மூட்டு வேலை அப்பாவிடம் கிடைத்தது. நீங்களும் லீவில் உங்க ஊர் ஆசாரி பக்கத்தில் ஒருநாள் நின்று பாருங்கள்!