விண்ணப்பமே முதல் படி

எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாள் முடிந்ததும் ஐந்தாம் படிவ மாணவர்களின் பள்ளி வாழ்க்கை ஒரு நிறைவுக்கு வருகிறது. சீருடையை மடித்து வைத்த மறுவாரமே பலர் பேரங்காடியிலோ உணவகத்திலோ தற்காலிக வேலைக்குச் சேர்கின்றனர். தேர்வு முடிவு வரும் வரையில் கைச்செலவுக்குப் பணம் சேர்ப்பது நல்ல பழக்கமே. ஆனால், அந்தத் தற்காலிக வேலையே சிலருக்கு நிரந்தர வேலையாகிவிடுகிறது. அவர்கள் எல்லாரும் தேர்வில் தோல்வி கண்டவர்கள் அல்லர். உயர்கல்விக்கூடத்தில் இடம் கேட்டு மறுக்கப்பட்டவர்களும் அல்லர். அவர்களுள் ஒரு பகுதியினர் இடம் கேட்டு விண்ணப்பிக்கவே இல்லை.

உயர்கல்வி என்றாலே பெரும்பாலோர் தேர்வுப் புள்ளிகளைப் பற்றித்தான் பேசுகின்றனர். நல்ல புள்ளிகள் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், தேர்வு மண்டபத்திற்கும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திற்கும் இடையில் இன்னொரு படி இருக்கிறது. அதுவே விண்ணப்பம். எவ்வளவு திறமையான மாணவராயினும் அந்தப் படியில் கால் வைக்காமல் மேலே செல்ல இயலாது.

மலேசியாவில் உயர்கல்வியின் வாயில் ஒரு காலத்தில் மிகவும் குறுகலாக இருந்தது. 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக அந்த ஒரு பல்கலைக்கழகமே இருந்தது. 1959ஆம் ஆண்டில் அதன் வளாகம் ஒன்று கோலாலம்பூரில் செயல்படத் தொடங்கியது. 1969ஆம் ஆண்டில் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும், ஈப்போவில் நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் போலிடெக்னிக்கும் தோற்றம் கண்டன. இன்று நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. 30க்கும் மேற்பட்ட போலிடெக்னிக்குகளும் பல சமூகக் கல்லூரிகளும் தனியார் உயர்கல்விக்கூடங்களும் இயங்குகின்றன. தாத்தா பாட்டி காலத்தில் எட்டாக்கனியாக இருந்த கல்வி, இன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

எஸ்.பி.எம். தேர்வை முடித்த மாணவருக்கு முன்னால் ஒரு வழி மட்டும் இல்லை. ஆறாம் படிவத்தில் சேர்ந்து மூன்று தவணைகள், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பயின்று, எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே பள்ளிக்குச் சென்று வர முடிந்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மெட்ரிகுலேஷன் கல்லூரியில் பெரும்பாலோர் ஓராண்டில் பல்கலைக்கழகத்திற்கான ஆயத்தக் கல்வியை முடிக்கின்றனர். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே அடிப்படைக் கல்வியை வழங்குகின்றன. கைத்திறனும் தொழில்நுட்ப ஆர்வமும் உள்ளவர்கள் போலிடெக்னிக்கில் டிப்ளோமா பயிலலாம். சமூகக் கல்லூரிகளில் சான்றிதழ் நிலையிலிருந்து தொடங்கி, டிப்ளோமா, பட்டம் என்று படிப்படியாக உயரவும் வாய்ப்புண்டு. ஆசிரியராக விரும்புவோருக்கு ஆசிரியர் கல்விக் கழகங்கள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் அவ்வழியே வந்தவர்கள்தாம்.

இத்தனை வழிகள் இருந்தும் தகுதியுள்ள மாணவர்கள் ஏன் விண்ணப்பிக்காமல் இருக்கின்றனர்? அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பணத்தைப் பற்றிய கவலை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைக்கும் தம்பி தங்கையரின் பள்ளிச் செலவுக்கும் திண்டாடும் குடும்பத்திற்கு இது பெரிய தொகைதான். ஆகவே, படிப்பைவிட வேலையே மேல் என்று ஒரு மாணவர் எண்ணுவதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அந்த முடிவை எடுக்குமுன் கணக்கின் மறுபக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. 1997ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகம், டிப்ளோமா, பட்டப் படிப்பு மாணவர்களுக்குக் கடனுதவி வழங்குகிறது. படிப்பை முடித்த பின்னரே அக்கடனைத் திரும்பச் செலுத்தத் தொடங்கினால் போதும். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைச் செலுத்துவதிலிருந்து விலக்கும் பெறலாம். கடன் என்பது கடன்தான். அதைத் திட்டமிட்டே வாங்க வேண்டும். ஆயினும், கையில் பணம் இல்லை என்பது மட்டுமே கல்வியைக் கைவிடுவதற்குக் காரணமாக வேண்டியதில்லை.

இரண்டாவது, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம். எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றவர்களின் படங்களே நாளிதழ்களில் வெளிவருகின்றன. அவற்றைப் பார்க்கும் சராசரி மாணவர், உயர்கல்வி தம்மைப் போன்றவர்களுக்கு உரியதன்று என்று தாமாகவே முடிவு செய்துவிடுகிறார். உண்மையில், எஸ்.பி.எம். தேர்வில் 'சி' நிலை வரை பெறுவதும் கிரெடிட் தேர்ச்சியாகவே கணக்கிடப்படுகிறது. டிப்ளோமா கல்விக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது சில பாடங்களில் கிரெடிட் தேர்ச்சியே அன்றி, எல்லாப் பாடங்களிலும் 'ஏ' அன்று. மேலும், அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வுக்கான தரப்புள்ளியில் 90 விழுக்காடு கல்வி அடைவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் வழங்கப்படுகிறது. சாரணர் இயக்கத்திலும் திடலிலும் தமிழ்மொழிக் கழகத்திலும் செலவிட்ட மாலை நேரங்கள் வீண்போவதில்லை. தகுதி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது உயர்கல்விக்கூடத்தின் வேலை. மாணவரே தம்மை முன்கூட்டி நிராகரித்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது காரணம், விண்ணப்பிக்கும் முறையைப் பற்றிய தெளிவின்மை. குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வியை நாடும் பிள்ளைக்கு இது பெரிய தடையாகும். பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டிலேயே பதில் கிடைக்கும் கேள்விகளை, அப்பிள்ளை யாரிடம் கேட்பது என்றுகூட அறியாமல் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றம் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நடந்த ஓர் ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. அந்நாட்டு மாணவர்கள் கல்வி உதவிநிதி பெற அப்போது நீண்ட படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. ஓஹாயோ மாநிலத்திலும் வட கரோலைனாவின் சார்லட் பகுதியிலும், குறைந்த வருமானம் பெறும் குடும்பங்கள் வருமான வரிக் கணக்கைச் செய்ய வந்த இடத்தில், ஆய்வாளர்கள் ஒரு பிரிவினருக்கு அந்தப் படிவத்தை நிரப்ப உதவினர். மற்றொரு பிரிவினருக்கு உதவிநிதியைப் பற்றிய தகவல் மட்டும் தரப்பட்டது. உதவி பெறாத குடும்பங்களின் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுள் 28 விழுக்காட்டினரே அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ஈராண்டுக் கல்லூரிக் கல்வியை முடித்தனர். உதவி பெற்ற குடும்பங்களில் அது 36 விழுக்காடாக உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. பக்கத்தில் அமர்ந்து உதவிய சில நிமிடங்களே சிலரைக் கல்லூரி வரை கொண்டு சேர்த்தன.

2015ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகமும் இதுபோன்ற முயற்சியில் இறங்கியது. நன்கு படிக்கும் ஏழை மாணவர்களுக்கு அப்பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. விண்ணப்பித்து இடம் பெற்றால் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று அக்கடிதம் உறுதி கூறியது. கடிதம் பெறாத மாணவர்களுள் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்தனர். கடிதம் பெற்றவர்களுள் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தனர். வியப்பு என்னவென்றால், அம்மாணவர்களுள் பெரும்பாலோருக்கு அத்தகைய உதவி ஏற்கெனவே கிடைக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அது தங்களுக்கு உரியது என்பதை உறுதியாகச் சொல்ல அதுவரை ஒருவரும் இல்லை.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. "நன்றாகப் படி" என்று ஊக்கமூட்டுவது அவசியம். ஆனால், அது மட்டும் போதாது. பெற்றோர் உயர்கல்வி பயிலாதவராக இருந்தாலும், பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து தேவையான பத்திரங்களைத் திரட்டித் தரலாம். பள்ளியின் வழிகாட்டி ஆலோசக ஆசிரியரைச் சந்தித்துக் கேட்கலாம். உயர்கல்விக்கூடத்தில் பயிலும் முன்னாள் மாணவர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது தம்பி தங்கையருக்கு விண்ணப்பத்தில் கைகொடுக்கலாம். கோயில்களும் குடியிருப்புச் சங்கங்களும் ஒரு கணினியையும் ஒரு மாலைப் பொழுதையும் ஒதுக்கினால் பல குடும்பங்கள் பயன்பெறும்.

மாணவர்களும் சிலவற்றில் கண்ணும் கருத்துமாக இருத்தல் வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் போலிடெக்னிக்குகளுக்கும் யு.பி.யு. இணையத்தளத்தின்வழி விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் கல்விக்கும் ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கும் தனித்தனியே விண்ணப்பங்கள் உள்ளன. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றவற்றுக்கும் விண்ணப்பித்ததாகாது. தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருப்பதும் தவறாகிவிடலாம். சில விண்ணப்பங்கள் அதற்கு முன்னரே திறக்கப்படுகின்றன. அடையாள அட்டை, புறப்பாடச் சான்றிதழ்கள், பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றை முன்னதாகவே ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். விரும்பும் துறைகளை வரிசைப்படுத்தும்போது, ஒவ்வொரு துறைக்கும் கேட்கப்படும் தகுதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைக் குறித்து வைப்பதும் மின்னஞ்சலை அடிக்கடி பார்ப்பதும் சிறிய வேலைகளே. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைக் காணாமல் வாய்ப்பை இழந்தவர்களுக்கே அவற்றின் அருமை தெரியும். முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வேறு வழியில் சேர்ந்து, பின்னர் மீண்டும் முயலலாம்.

எல்லா மாணவர்களும் பல்கலைக்கழகம் சென்றே தீர வேண்டும் என்பதில்லை. குடும்பத் தொழிலை நடத்த விரும்புவோரும், வேலை செய்துகொண்டே திறன் கற்க விரும்புவோரும் உண்டு. அவையும் மதிப்புக்குரிய பாதைகளே. ஆனால், அப்பாதையை ஒருவர் தெரிந்து தேர்ந்தெடுப்பதற்கும், வேறு வழி தெரியாமல் அதில் போய்ச் சேருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விண்ணப்பித்து இடம் கிடைத்த மாணவர், நன்கு சிந்தித்து அதை வேண்டாம் என்று மறுக்கலாம். விண்ணப்பிக்காத மாணவருக்கோ ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒன்றுமே இராது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. விண்ணப்பத்திற்கும் ஒரு காலம் உண்டு. அதற்கொரு இறுதி நாளும் உண்டு. பதினோர் ஆண்டுகள் பாடுபட்டுப் படித்த படிப்பு, அந்த நாளைத் தவறவிட்டதால் பாதியில் நின்றுவிடக் கூடாது.