டூயட் பாடுற இடமா? மாடு மேயுற இடம், சார்!

சினிமாவில் டூயட் சீன். சென்னை பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஹீரோ கண்ணை மூடித் திறந்தால் சுவிட்சர்லாந்து! பச்சைப்பசேல் புல்வெளி, பின்னால் பனிமலை. ஜோடி புல்லில் உருளோ உருள் என்று உருளுகிறது. தியேட்டரில் விசில் பறக்கிறது.

அந்தப் புல்லுக்குச் சொந்தக்காரரான விவசாயி மட்டும் விசிலடிக்க மாட்டார். அது அவருடைய மாட்டின் சாப்பாடு. நம்ம நெல்வயலில் யாராவது உருண்டால் சும்மா விடுவோமா?

ஆல்ப்ஸ் என்றதும் நமக்குப் பனிமலைதான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு 'ஆல்ப்' என்றால் கோடையில் மாடு மேய்க்கிற மலைப் புல்வெளி. அதைப் பக்கத்தில் பார்க்க ஆசையா? எனக்கு ரொம்பப் பிடித்த ஒருநாள் நடை ஒன்று இருக்கிறது.

லாவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைக்கு மேலே, 1,638 மீட்டர் உயரத்தில் ம்யூரன் என்று ஒரு கிராமம். காருக்கு அங்கே அனுமதி இல்லை. கேபிள் காரிலும் குட்டி ரயிலிலும்தான் போய்ச் சேர வேண்டும். ஹாரன் சத்தமில்லாத தெருவில் முதல் பத்து நிமிஷம் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்!

1912-லிருந்து ஓடுகிற இழுவை ரயில் ஒன்று, 1,907 மீட்டரில் உள்ள அல்மெண்ட்ஹூபலில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நடை. எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்று மூன்று சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஐகர் 3,967 மீட்டர். அதன் வடக்குச் சுவரை மனிதன் முதலில் ஏறி முடித்தது 1938-ல். நாம் கையை வீசிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் போதும்.

வழியெல்லாம் மஞ்சள் போர்டு. அதில் கிலோமீட்டர் கிடையாது, எத்தனை மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கும். 'இந்தா, கூப்பிடு தூரம்தான்' என்று நம்மை மூன்று மைல் நடக்க விடுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. நடைபாதைகளைப் பாதுகாக்கவேண்டும் என்று 1979-ல் மக்களிடம் ஓட்டு வாங்கி, அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த தேசமாயிற்றே!

ஷில்டால்ப்பை நெருங்கும்போதே 'டொங்... டொங்...' என்று கழுத்து மணிச் சத்தம். மாடுகள் சும்மா பிக்னிக் வரவில்லை. ஊரை ஒட்டிய புல்லை அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தாக வேண்டும். அதனால் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிவிடுகிறார்கள். செப்டம்பர் வாக்கில் இறக்கம். மேலே கறக்கிற பாலை அங்கேயே சீஸாக்கிவிடுவார்கள். பெர்ன் மலைப்பகுதியின் 'ஹோபல்' சீஸ் குறைந்தது 18 மாதம் முதிர வேண்டும். கல்லாட்டம் இறுகிவிடும், சீவித்தான் தின்ன முடியும். சில இடங்களில் சீஸன் முடிவில் யார் மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அந்தக் கணக்கில் சீஸைப் பங்கு போடுவார்கள். உழைத்தவனுக்கேற்ற போனஸ்! நம்ம ஆபீஸ்களுக்கும் இந்த முறை வந்தால் தேவலை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த உயரத்தில் நாம் பார்க்கிற புல்வெளியில் பெரும்பகுதி தானாக வந்ததில்லை. காட்டைத் திருத்தி, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்துக் காப்பாற்றியது. மேய்ச்சலை நிறுத்தினால் முதலில் புதர் வரும், பிறகு காடு வந்து மூடிக்கொள்ளும். மேயாமலும் அறுக்காமலும் விட்ட நீளப் புல் மடிந்து படுத்தால், அதன்மேல் பனி சுலபமாக வழுக்கிச் சரியும். ஆல்ப்ஸில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் காடாகிக்கொண்டுதான் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து பால் கறந்து, நாள் பூராவும் உழைக்க இளவட்டங்கள் வரவேண்டுமே! 2023-ல் யுனெஸ்கோ இந்த மேய்ச்சல் வாழ்க்கையைப் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் பட்டியல் வந்து பால் கறக்காதே!

ஷ்பீல்போடன்ஆல்ப்பைத் தாண்டி இறங்கினால் ஷ்ப்ரூட்ஸ் அருவி. பாதை அருவிக்குப் பின்பக்கமாகவே போகிறது! தண்ணீர்த் திரைக்கு உள்ளே நின்று வெளியே பார்க்கலாம். இன்னும் இறங்கினால் கிம்மல்வால்ட் கிராமம். மொத்தம் சுமார் மூன்று மணி நேர நடை. வேடிக்கை பார்த்தால் முழு நாள்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை: பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். கன்றுக்குட்டியைக் கொஞ்சப் போகாதீர்கள், தாய் மாடு முட்டும். கீழே வழுக்கும், நல்ல ஷூ அவசியம். முக்கியமாக, வழியில் கிடைத்தால் ஒரு துண்டு ஆல்ப் சீஸ் வாங்குங்கள். நாம் ஓசியில் பார்த்த அத்தனை பச்சைக்கும் அதுதான் டிக்கெட்!