மாலை நேரத் தக்காளித் தொக்கு

பள்ளி விட்டு நாம் வீடு சேரும்போது மணி ஐந்தரை ஆகிவிடுகிறது. வேலைக்குச் சென்ற அம்மா களைத்துத் திரும்பும் நேரமும் அதுதான். வீட்டுப்பாடம் காத்திருக்கிறது, தம்பி தங்கையருக்குப் பசி. இவ்வேளையில் நமக்குக் கைகொடுப்பது தக்காளித் தொக்கு. களி, சோறு, சப்பாத்தி எதற்கும் இது பொருந்தும். இருபத்தைந்து நிமிடத்தில் நாமே செய்துவிடலாம்.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றது. போர்த்துக்கீசியர் வழியே நம் நாட்டுக்கும் வந்தது. இத்தாலியர் இதைப் பூண்டுடனும் ஆலிவ் எண்ணெயுடனும் சுண்டக் காய்ச்சி, பாஸ்தா என்னும் கோதுமை மாவுப் பண்டத்தின் மேல் ஊற்றி உண்கின்றனர். நாம் கடலெண்ணெயில் கடுகு தாளித்துச் சுண்ட வைத்து, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக் கொள்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

அந்த அடிப்படை என்ன? தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அரைக்கிலோ பழத்தில் ஏறத்தாழ 470 கிராம் தண்ணீர்தான்! அதில் பெரும்பகுதியை ஆவியாக்குவதே தொக்கு செய்யும் வேலை. ஆகவே அகன்ற வாணலியே ஏற்றது. பரப்பு கூடினால் ஆவி விரைவில் வெளியேறும். மூடி போட்டால் ஆவி நீராகி மீண்டும் உள்ளேயே விழும். உப்பைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் அது பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்து, விரைவில் குழையச் செய்யும்.

தேவையானவை: நன்கு பழுத்த தக்காளி அரைக்கிலோ, பூண்டு பத்துப் பல், கடலெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கடுகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு, சிறு துண்டு வெல்லம்.

எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு வெடிக்க விடவும். நசுக்கிய பூண்டையும் கறிவேப்பிலையையும் வதக்கவும். பொடியாக நறுக்கிய தக்காளியையும் உப்பையும் சேர்த்து, மூடாமல் பெருந்தீயில் பத்து நிமிடம் கிளறவும். நீர் வற்றத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் சேர்க்கவும்.  எண்ணெய் ஓரங்களில் பிரிந்து வந்ததும் வெல்லம் போட்டு இறக்கவும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதுவே பதம்.

தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீன், எண்ணெயில் வேகும்போது நம் உடலில் எளிதில் சேர்கிறது. புளிப்புப் பண்டமாதலால் தொக்கை அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கலாகாது. ஆறியபின் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் வரும். இது ஊறுகாய் அன்று. மாதக்கணக்கில் வைக்க முயல வேண்டாம்.

தோழியரே, நம் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயையும் தாண்டியது. வேறு பருவங்களிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்குகிறது. பறிக்கும் கூலிக்கே கட்டாதபோது, பழங்கள் செடியிலேயே அழுகுகின்றன, சாலையோரத்திலும் கொட்டப்படுகின்றன. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் எத்தனையோ பேரின் வீட்டு உழைப்பு அது! விலையை நாம் உயர்த்திவிட முடியாது. ஆயினும் மலிந்த நாளில் ஒரு கிலோ கூடுதலாக வாங்கலாம். நசுங்கியதென்று ஒதுக்கிய பழத்தையும், கெடாத பகுதியை நறுக்கித் தொக்காக்கலாம்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், மீந்த துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நம் வீட்டில் ஒரு புட்டி நிறைந்தாலும் போதுமே! இன்று மாலை அம்மா வருமுன் அடுப்பை மூட்டுவோமா?